புது காபி பில்டரில் கீறல், கறுப்பு, நெளிவு: எதை விட்டுவிடலாம், எதை மாற்றிக் கேட்கணும்?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் சீர் பாத்திரம் எடுக்க வருவார்கள். புதுமண்டபத்துக்குள் பல காலம் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டாலும், மதுரைக்கு வந்து பாத்திரம் எடுக்கும் வழக்கம் மாறவில்லை. அந்தச் சீர் பட்டியலில் காபி பில்டரும் டபரா செட்டும் கட்டாயம் இருக்கும்.

கடை வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால்தான் சந்தேகம் ஆரம்பிக்கும். பக்கவாட்டில் ஒரு கீறல். உள்ளே கை வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறது. அடியில் வானவில் மாதிரி ஒரு கறை. ஆன்லைனில் வாங்கிய எஸ்பிரெசோ மெஷின் கைப்பிடியிலும் இதே கதைதான். "புதுசுன்னு சொல்லி பழசைக் கொடுத்துட்டாங்களோ?" என்ற கேள்வி வரும்.

இதில் சில குறைகள் வெறும் பார்வைக் குறை. இரண்டு முறை காபி போட்டால் மறந்துவிடும். சில குறைகள் அப்படி இல்லை. டிகாக்‌ஷனைக் கெடுக்கும், உதட்டைக் கிழிக்கும், உடம்புக்கும் ஆகாது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மாற்றிக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

எந்தக் குறையைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. காபி, பால், வெந்நீர் படுகிற இடத்தில் இருக்கிறதா?
2. கையோ உதடோ படுகிற இடத்தில் இருக்கிறதா?
3. இரண்டு பாகங்கள் பொருந்துகிற இடத்திலோ, அழுத்தம் தாங்குகிற இடத்திலோ இருக்கிறதா?

மூன்றுக்கும் "இல்லை" என்றால் அது பெரும்பாலும் அழகுக் குறைதான். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் உற்றுப் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. விரலால் தடவிப் பார்க்கணும், தண்ணீர் ஊற்றிப் பார்க்கணும்.

எவர்சில்வர் பில்டர்: எந்தக் கறை என்ன சொல்கிறது?

*கறுப்பாக ஒட்டும் பிசுக்கு:* புதுப் பாத்திரத்தின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வரும். பயப்பட வேண்டாம். பாத்திரத்துக்குப் பளபளப்பு ஏற்ற மெழுகும் பாலிஷ் பொடியும் கலந்த ஒரு கலவையைப் பூசித் தேய்ப்பார்கள். அதில் மிச்சம் இருப்பதுதான் இந்தக் கறுப்பு. முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்பும் வெந்நீரும். விளிம்பு மடிப்பிலும் சல்லடையின் அடிப்பக்கத்திலும்தான் இது ஒளிந்திருக்கும். நான்கைந்து முறை கழுவியும் கறுப்பு வந்துகொண்டே இருந்தால் மட்டும் கடையில் கேளுங்கள்.

*வானவில் நிறக் கறை:* நீலம், மஞ்சள், ஊதா கலந்த மாதிரி தெரியும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே படிகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். வெல்டிங் சூட்டிலோ அடுப்புச் சூட்டிலோ அந்தப் படலம் சில இடங்களில் தடித்துவிட்டால் வெளிச்சம் பட்டு நிறம் நிறமாகத் தெரியும். எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்த்தால் குறையும்.

*வெள்ளைத் திட்டு:* கடையில் இல்லாமல் வீட்டில் கழுவிய பிறகு வந்தால் அது தண்ணீர்க் கறை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருக்கும் பகுதிகளில் இது சகஜம். புளியோ எலுமிச்சையோ போட்டால் கரைந்துவிடும். இதைக் காட்டி பாத்திரத்தை மாற்றிக் கேட்க முடியாது. கழுவியதும் துணியால் துடைத்து வைப்பதுதான் வழி.

*நீளக் கோடுகள்:* தட்டையான தகட்டை மெஷினில் அழுத்தி இழுத்துத்தான் பில்டரின் உருளை வடிவம் வருகிறது. அப்போது விழும் மெல்லிய கோடுகள் குறை இல்லை. நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் விடலாம். நகம் மாட்டிக்கொண்டால் அது பள்ளம். உள்பக்கம் அப்படி இருந்தால் அங்கே காபி எண்ணெய் தங்கி நாற்றம் பிடிக்கும். வேறு பில்டர் எடுக்கச் சொல்லுங்கள்.

*பழுப்புப் புள்ளி:* இதில்தான் கவனம் வேண்டும். பட்டறையில் தெறித்த இரும்புத் துகளோ, கழுவும்போது கம்பி நாரில் இருந்து வந்த துகளோ துருப்பிடித்தால் இப்படித் தெரியும். தேய்த்தால் போய்விட்டால் பிரச்சினை இல்லை. தேய்த்த பிறகும் ஊசி குத்தின மாதிரி குழி இருந்தாலோ, இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தாலோ, அந்தத் தகட்டிலேயே கோளாறு. அது மாற்ற வேண்டிய குறை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பில்டரின் உயிர் அதன் சல்லடைத் துளைகளில்தான் இருக்கிறது. அதனால் வெளிப்பக்கக் கீறலைப் பார்க்கும் நேரத்தில் பாதியாவது துளைக்கு ஒதுக்குங்கள்.

*டார்ச் சோதனை:* மேல் பாத்திரத்துக்குள் மொபைல் டார்ச்சை அடித்துவிட்டு அடிப்பக்கம் பாருங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் ஒரே மாதிரி வரணும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது. சில துளைகள் மட்டும் பெரிதாக இருந்தால் காபித் தூள் கீழே இறங்கி, டம்ளர் அடியில் மண்டியாக நிற்கும்.

*சுற்றும் சோதனை:* மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் மட்டும் இறுகினால், இரண்டில் ஒன்றின் வாய் வட்டமாக இல்லை, நெளிந்திருக்கிறது என்று அர்த்தம். கொதிநீர் ஊற்றின பிறகு இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் இழுக்கும்போது கையில் கொட்டும். வெளியே தெரியும் சின்ன நசுங்கலைவிட வாயில் இருக்கும் லேசான நெளிவுதான் பெரிய குறை.

*தண்ணீர்ச் சோதனை:* கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதம் நனையக் கூடாது. பிறகு மேல் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒரே ஓரமாக ஒழுகாமல், அடி முழுவதும் பரவலாகச் சொட்ட வேண்டும். "அண்ணே, ஒரு சொம்பு தண்ணி கொடுங்க" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

தூளை அமுக்குகிற குடை மாதிரியான தட்டையும் மறக்காதீர்கள். நடுத்தண்டு ஆடக் கூடாது. தட்டு சமமாக உட்கார வேண்டும்.

ஒரு விஷயம். புது பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை என்றால் உடனே பில்டரைக் குறை சொல்ல வேண்டாம். தூள் மிகவும் நைசாக இருந்தாலோ, சிக்கரி அதிகம் இருந்தாலோ அடைத்துக்கொள்ளும். காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி இருக்கிறது. பாக்கெட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கும். வேறு தூள் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

டபரா, டம்ளர்: விளிம்பைத் தடவிப் பாருங்கள்

டம்ளரில் அழகுக் குறை எங்கே இருந்தாலும் விடலாம், விளிம்பில் மட்டும் விடக் கூடாது. வாய் வைக்கும் இடம் அது. விளிம்பைச் சுருட்டி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு முடியாமல் எங்காவது பிசிறு நின்றால் உதடு கிழியும், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. ஒரு துண்டுப் பஞ்சையோ மெல்லிய துணியையோ விளிம்பைச் சுற்றி இழுங்கள். நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

சுருட்டின மடிப்பில் இடைவெளி இருந்தால் உள்ளே தண்ணீர் போய்த் தங்கும். கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டுகிற டம்ளர் அந்த வகைதான்.

கை சுடாமல் இருக்க இரட்டைச் சுவர் டம்ளர் வாங்கினால், ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்துக் காதுகிட்ட வைத்து ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' சத்தம் கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது. அதை அடுப்புச் சூட்டில் வைக்கவே கூடாது.

பித்தளை பில்டர்: பளபளப்பைவிட ஈயம் முக்கியம்

கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்த நெடுஞ்சாலைக் கடைகள் பெருகிய பிறகு பித்தளை டபரா செட்டுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பித்தளையில் எது குறை என்பது எவர்சில்வருக்கு நேர் எதிர்.

வெளிப்பக்கம் சுத்தியல் தட்டின குழிகள், கடைசல் கோடுகள், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது எல்லாம் கைவேலையின் அடையாளம். கொஞ்ச நாளில் வெளிப்பக்கம் மங்குவதும் இயல்பு. புளி போட்டுத் தேய்த்தால் திரும்பப் பளிச்சிடும்.

கவனிக்க வேண்டியது உள்பக்கம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். காபி லேசான புளிப்புத்தன்மை உள்ளது. சூடான டிகாக்‌ஷன் நேரடியாகப் பித்தளையில் மணிக்கணக்கில் நின்றால் செம்பு கரைந்து இறங்கும். பச்சைக் களிம்பு பிடிக்கும். வாந்தி, வயிற்று வலி வரலாம். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவது, அதாவது கலாய் பூசுவது. ஈயம் சரியாகப் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் உணவு தயாரித்தாலோ வைத்தாலோ அந்த உணவு சாப்பிடத் தகுதியில்லாதது என்று 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகள் சொல்லின.

உள்ளே பார்த்தால் ஒரே சீராக வெள்ளி நிறம் தெரியணும். இடையில் மஞ்சள் எட்டிப் பார்த்தால் அங்கே பூச்சு இல்லை. "ரெண்டு தடவை கழுவினா சரியாப் போயிரும்க்கா" என்று கடையில் சொன்னாலும் ஏற்காதீர்கள். கழுவினால் பூச்சு வளராது. சல்லடைத் துளைகளின் ஓரத்திலும் கீழ்ப் பாத்திரத்தின் அடி மூலையிலும்தான் பூச்சு விட்டுப்போகும். கலாய் பூசும்போது சில இடங்களில் திட்டுத் திட்டாக, தடிப்பாக ஈயம் நிற்கும். அது பார்வைக்கு அசிங்கம், ஆனால் கெடுதல் இல்லை.

'ஈயம்' என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுதான். காரீயம் வேறு. அது விஷம். ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் நம்பிக்கையான இடத்தில் வாங்கி, 'உள்ளே வெள்ளீயம் பூசியது' என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பித்தளைப் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்தால் பூச்சு ஓடிவிடும். கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் போகும். அப்படிப் போனால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. திரும்பக் கலாய் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆன்லைனில் வாங்கும் சில பித்தளைப் பொருட்கள் மங்காமல் இருக்க வெளியே கண்ணாடி மாதிரி லாக்கர் பூசி வரும். அது காட்சிக்கு வைக்கும் பொருளுக்கான பூச்சு. உள்ளேயும் அந்தப் பூச்சு இருந்தால் காபிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

எஸ்பிரெசோ மெஷின் பாகங்கள்: எங்கே கீறல் இருந்தால் ஆபத்து?

கல்யாண வீட்டில் புஸ்ஸென்று நுரை கிளப்பித் தரும் 'எக்ஸ்பிரஸ்ஸோ' காபி வேறு. அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபியையும் பாலையும் நீராவியால் சூடாக்குவது. உண்மையான எஸ்பிரெசோவில், நைசாக அரைத்த தூளுக்குள் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்துவார்கள். காற்று மண்டல அழுத்தத்தைப் போல் கிட்டத்தட்ட 9 மடங்கு. அதனால் இங்கே பொருத்தம்தான் எல்லாம். வீட்டில் சின்ன மெஷின் வைத்திருப்பவர்களும், சிறிய கஃபே நடத்துபவர்களும் இதன் உதிரிப் பாகங்களைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள்.

*போர்ட்டாஃபில்டர்:* தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடி. பலவற்றில் உள்ளே பித்தளை, மேலே குரோம் பூச்சு. மெஷினில் மாட்டும் இரண்டு காதுகளில் லேசான உரசல் இருந்தால் பரவாயில்லை, மாட்டிக் கழற்றினாலே அது வரும். வெளியே மயிரிழைக் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. உள்பக்கம் குரோம் உரிந்து செதில் செதிலாக இருந்தால் வேண்டாம். காபியோடு அதுவும் இறங்கும்.

*பாஸ்கெட்:* தூள் கூடை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைகளைப் பாருங்கள், நம்ம பில்டர் மாதிரியேதான். மேல் விளிம்பு நசுங்கியிருந்தால் அழுத்தம் கசிந்து ஓரமாகத் தண்ணீர் பீய்ச்சும். இது கட்டாயம் மாற்ற வேண்டியது.

*டாம்பர்:* தூளை அமுக்குவது. மரப்பிடியின் நிறம் படத்தில் இருப்பதுபோல இல்லை என்பது அழகுக் குறை. அடித்தட்டின் ஓரத்தில் சில்லு போயிருந்தால் தூள் சமமாக அமுங்காது. முதலில் அளவைப் பாருங்கள். 58, 54, 51 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் இருக்கின்றன. தவறான அளவு வாங்கிவிட்டு "லூசா இருக்கு" என்று புகார் செய்பவர்களும் உண்டு.

*மோகா பாட்:* இத்தாலியில் 1933-ல் வந்த, அடுப்பில் வைக்கும் அலுமினியப் பாத்திரம். வெளியே வார்ப்புப் புள்ளிகள் இருப்பது சகஜம். மரையிலும், ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பிலும் பள்ளம் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வு நசுங்கியிருந்தால் அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். கூடுதல் அழுத்தம் வெளியேற அது ஒன்றுதான் வழி.

புது மெஷினைத் திறந்ததும் உள்ளே தண்ணீர்த் துளிகள் இருந்தால் பழையது என்று நினைக்க வேண்டாம். சில நிறுவனங்கள் அனுப்புவதற்கு முன் தண்ணீர் ஓட்டிச் சோதித்துப் பார்ப்பது உண்டு. ஆனால் காய்ந்த காபிக் கறை, சீல் உடைந்த பெட்டி, சோப்பு வாசம் இருந்தால் அது யாரோ திருப்பிக் கொடுத்த பொருளாக இருக்கலாம். படம் எடுத்துக் கேளுங்கள்.

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வரா?

இது பாதி உண்மை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 ரகத்தில் காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் நிக்கல் குறைவாகவும் மாங்கனீஸ் அதிகமாகவும் உள்ள 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. அவை விலை குறைவு, உப்புக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதேபோல 304 ரகத்தையே மெஷினில் வளைத்தால், வளைந்த மூலைகளில் காந்தம் லேசாக ஒட்டும். ஆக, காந்தத்தை மட்டும் நம்பி ஒரு பாத்திரம் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி, மத்திய அரசு 2024 மார்ச் 14-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. சமைக்க, பரிமாற, சாப்பிட, சேமித்து வைக்கப் பயன்படும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கான தர எண் ஐஎஸ் 14756:2022. அலுமினியத்துக்கு ஐஎஸ் 1660:2024. முத்திரையோடு ஒரு உரிம எண்ணும் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' மொபைல் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும்.

பேர் வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

நம்ம ஊர் வழக்கத்தில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். சீர் பாத்திரம் எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து பேர் வெட்டக் கொடுத்துவிடுவோம். பேர் வெட்டின பாத்திரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் அதற்குப் பிறகு கடைக்காரர் மாற்றிக் கொடுக்கத் தயங்குவார், அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே சோதனை எல்லாம் பேர் வெட்டுவதற்கு முன்பே முடியணும். முப்பது, நாற்பது பாத்திரம் எடுக்கும்போது எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பொருந்த வேண்டிய பாகங்கள் உள்ள பில்டர், குக்கர், டிபன் கேரியர் மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'குறைபாடு' என்பதற்கு விளக்கம் தருகிறது. சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்திலும் அளவிலும் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். "உள்ளே ஈயம் பூசியது", "304 ரகம்", "புத்தம் புதியது" என்று சொல்லி விற்றால் அந்தச் சொல்லுக்கு விற்றவர் பொறுப்பு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, வாங்குபவர் பொருளை நேரில் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். அதாவது கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிய பில்டரில் வெளிப்படையாகத் தெரியும் கீறலைக் காட்டி மறுநாள் சண்டை போட்டால் வழக்கு பலவீனம். ஒட்டு விட்டு ஒழுகுவது, பூச்சு உரிவது மாதிரி மறைந்திருந்த குறை என்றால் உங்கள் பக்கம் வலு. ஆன்லைனில் பார்க்காமல் வாங்கியதற்கும் அப்படியே.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால்? குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள் கேட்க வேண்டும். காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்கள். கவனிக்கவும், இது குறைபாடுள்ள பொருளுக்குத்தான். "வேற டிசைன் பிடிச்சிருக்கு" என்பதற்கு இல்லை.

இதற்கெல்லாம் பில் வேண்டும். 'எஸ்டிமேட்' என்று எழுதித் தரும் துண்டுச் சீட்டு போதாது. பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

ஆன்லைனில் வாங்கினால் 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகள் உதவும். பொருள் குறைபாடாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பது நல்ல ஆதாரம். கழுவுவதற்கு முன் எடுங்கள்.

கேட்டும் மாற்றித் தரவில்லை என்றால்?

- முதலில் கடைக்கோ தளத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினாலும் பதிவு இருக்கும்.
- தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். வழக்குக்குப் போகாமலே பல புகார்கள் இங்கே முடிந்துவிடும்.
- அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்ற நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் மதுரையில் வழக்குப் போடலாம்.
- பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரி 1-ல் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம்.
- மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு சரியில்லை என்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மதுரையிலேயே கிளை அமர்வு இருக்கிறது.

வெறும் அழகுக் குறைதான் என்றால்?

நன்றாக வேலை செய்யும் பில்டர், வெளியே ஒரு நசுங்கல் மட்டும் என்றால் அது பேரம் பேச நல்ல வாய்ப்பு. "அண்ணே, இந்த நெளிவு இருக்கு, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். குறைத்துக் கொடுத்தால், அந்தக் குறைக்காகத்தான் குறைத்தது என்று பில்லில் எழுதச் சொல்லலாம். பிறகு அதே நசுங்கலைக் காட்டி மாற்றிக் கேட்க முடியாது. ஆனால் பின்னால் ஒழுக ஆரம்பித்தால் அது வேறு குறை, அதைக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கும்.

சீராகக் கொடுக்கும் பாத்திரம் என்றால் கதை வேறு. அங்கே பார்வையும் முக்கியம்தான். சபையில் வைக்கும்போது நாலு பேர் கண்ணில் படுமே. அப்படியென்றால் வாங்கும்போதே "சீருக்கு எடுக்கிறோம், கீறல் இல்லாததாக் கொடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். சொல்லி வாங்கினால் அதுவே ஒப்பந்தம்.

ஒரே பார்வையில்

*விட்டுவிடலாம்:* பாலிஷ் கறுப்பு, வானவில் கறை, நகம் மாட்டாத கோடு, வெளிப்பக்க நசுங்கல், பித்தளையின் சுத்தியல் குழி, மரப்பிடியின் நிற வேறுபாடு.

*மாற்றிக் கேட்கணும்:* அடைத்த அல்லது பெரிதான துளை, நெளிந்த வாய், ஒழுகும் ஒட்டு, விளிம்புப் பிசிறு, திரும்பத் திரும்ப வரும் துருப்புள்ளி, ஈயம் விட்டுப்போன பித்தளை, உள்ளே உரியும் குரோம், நசுங்கிய பாதுகாப்பு வால்வு.

*மறக்கக் கூடாதது:* பேர் வெட்டுவதற்கு முன் சோதனை. கழுவுவதற்கு முன் படம். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் பில்.